பித்தளை ஊசி

பேரூருக்கு மேற்கே நொய்யல் ஆற்றுப் படுகையில், தண்ணீர் இல்லாத மாதங்களில், காலை ஆறரை மணிக்கு யாராவது போனால் ஒரு வேடிக்கையைக் காணலாம். தலை நரைக்கத் தொடங்கிய ஒரு மனிதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கற்களுக்கு நடுவே குந்தியிருப்பான். கையில் துப்பாக்கி போன்ற ஒரு கருவி. அவனுக்கு நாலடி முன்னால், முழ நீளத்துக்கு ஒரு லாரி, பாறையின்மேல் ஏறுவதற்குப் பிரயத்தனப்பட்டுக் கொண்டிருக்கும். ஏறிவிட்டால் அந்த மனிதன் தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொள்வான். குப்புறக் கவிழ்ந்துவிட்டால், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுந்துபோய் அதை நிமிர்த்தி வைப்பான்.

அந்த மனிதன் வேறு யாருமல்ல; இதை எழுதுகிறவன்தான்.

மாடு ஓட்டிக்கொண்டு வரும் பெரியவர் ஒருவர் மூன்று நாள் தூர நின்று பார்த்தார். நாலாம் நாள் அருகில் வந்தார்.

"ஏனுங், இது கொழந்தைக்குங்களா?"

"இல்லைங்க. எனக்குத்தான்."

அவர் சற்று யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மிகுந்த ஆதரவோடு, "ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?" என்று விசாரித்தார்.

இருபது வருஷமாக நாவல் எழுதிப் பிழைக்கிறேன். அதற்காகக்கூட என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்த கதையைச் சொல்கிறேன். 2023ஆம் வருஷக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து வரவிருந்த சிநேகிதர் ஒருவர், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். நல்ல பேனா ஒன்று வேண்டும் என்றேன். அவர் கொண்டுவந்ததோ ஒரு தலையணை அளவுக்குப் பெரிய அட்டைப்பெட்டி. "எழுதினது போதுமப்பா. கையை வேறு எதற்காவது கொஞ்சம் உபயோகப்படுத்து" என்றார். என் கடைசி நாவலை அவர் படித்திருக்க வேண்டும்.

பெட்டியின் மேல் அழகான லாரிப் படம் இருந்தது. உள்ளே லாரி இல்லை. பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் உறுப்புகள், பொட்டலம் பொட்டலமாகத் திருகாணிகள், மிளகு அளவுக்கு உருண்டைகள், கட்டை விரல் தடிமனில் ஒரு மோட்டார், கண்ணாடி போன்ற ஒரு மேல்கூடு, ஒரு படப் புத்தகம். இவற்றையெல்லாம் சேர்த்துப் பூட்டினால் லாரி ஆகும் என்பது ஏற்பாடு. கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திக்கொண்டவன் நான். கணக்கும் பௌதிகமும் என்னைக் கண்டு பயந்தனவா, நான் அவற்றைக் கண்டு பயந்தேனா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆகையால் பெட்டியை மூடி அலமாரியின் மேல் வைத்தேன். ஒன்பதாவது படிக்கும் என் பெண் அதை இறக்கி, "அப்பா, நீங்க ஒரு ஆணிகூட அடிச்சு நான் பார்த்ததில்லையே?" என்றாள். இது கேள்வியல்ல, குற்றச்சாட்டு. அன்று மாலையே திருப்புளியைக் கையில் எடுத்தேன்.

பத்தொன்பது மாலைகள் ஆயின. முதலில், பெரிய லாரிக்கு இருப்பது போலவே இரண்டு நீளச் சட்டங்கள். அவற்றைக் குறுக்கே இணைக்கும் பாலங்கள். பிறகு முன்னும் பின்னும் இரண்டு அச்சுகள். ஒவ்வோர் அச்சையும் சட்டத்தோடு நாலு கம்பிகள் பிடித்துக்கொள்கின்றன. ஒரு சக்கரம் கல்லின்மேலும் மற்றது பள்ளத்திலும் இருக்கும்போது அச்சு சாய்ந்து கொடுக்க வேண்டும். ஆனால் முன்னும் பின்னும் நகரக்கூடாது. அதற்குத்தான் அந்த நாலு கம்பிகள். ஷாக் அப்ஸார்பர் என்று நாலு சிறு குழாய்கள். ஒவ்வொன்றிலும் எண்ணெயை ஊற்றி, காற்றுக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, பிறகு மூட வேண்டும். பொறுமையில்லாமல் மூடினால் வண்டி நடக்கும்போது குழாய்க்குள் 'கிளக், கிளக்' என்று விக்கல் எடுக்கும். இரும்புக்குள் போகும் திருகாணிகளுக்கெல்லாம் ஒரு சொட்டு நீலப் பசை. இல்லாவிட்டால் அதிர்ச்சியில் தானாகக் கழன்றுவிடும். பிளாஸ்டிக்கில் போகிறவற்றுக்கு அது ஆகாது. இந்த வித்தியாசத்தை நான் மூன்று முறை மறந்தேன். என் பெண் மூன்று முறை கண்டுபிடித்தாள்.

மேல்கூட்டுக்கு வர்ணம் பூசுவதுதான் விசித்திரம். கூடு கண்ணாடி போலத் தெரிகிற ஒரு வகைப் பிளாஸ்டிக். வர்ணத்தை வெளியே பூசினால் முதல் உரசலிலேயே போய்விடும். ஆகையால் உட்புறமாகப் பூச வேண்டும். எது கடைசியில் மேலே தெரியவேண்டுமோ அதை முதலில் பூச வேண்டும். கோடுகளும் கருமையும் முதலில், பரந்த வர்ணம் அப்புறம். தஞ்சாவூர்ப் பக்கத்தில் கண்ணாடியின் பின்புறம் கிருஷ்ணன் படம் எழுதுகிறவர்கள் கண்ணையும் நகையையும் முதலில் எழுதிவிட்டுத்தானே உடம்புக்கு நிறம் கொடுக்கிறார்கள்? அதே வித்தைதான். முடிவை முதலில் தீர்மானித்துக்கொண்டு பின்னோக்கி வேலை செய்வது எனக்குப் பழக்கமான தொழில். பூட்டிய வேலையில் நான் சொந்தமாகப் பெருமைப்பட்டுக்கொள்ளக் கூடியது இந்த ஒரு பகுதிதான்.

எல்லாம் முடிந்தபோது ஒரு திருகாணி மிச்சமிருந்தது. கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டிய எல்லாருக்கும் அந்தத் திருகாணியைத் தெரியும்.

இந்த விளையாட்டின் தலைநகரம் என்று ஜப்பானிலுள்ள ஷிஸுஓகா நகரத்தைச் சொல்லலாம். அங்கே 1946இல் மர வியாபாரமாகத் தொடங்கிய டமியா என்னும் கம்பெனி, பிறகு மரத்தில் மாதிரிகள் செய்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு வந்து, 1976இல் ரேடியோவால் ஓடும் முதல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது போர்ஷே 934 என்னும் பந்தயக் காரின் மாதிரி. மாதிரி நுணுக்கமாக இருக்கவேண்டும் என்பதற்காக அவர்கள் நிஜமான போர்ஷே கார் ஒன்றையே விலைக்கு வாங்கி அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தார்களாம். பார்த்தது சரி, திரும்பப் பூட்ட முடியவில்லை. போர்ஷே கம்பெனி ஆட்களை அழைத்துத்தான் பூட்டினார்கள் என்று சொல்வார்கள். 1981இல் அதே கம்பெனி டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியின் மாதிரியைச் செய்தது. நாலு சக்கரத்துக்கும் இழுவை. நிஜ வண்டியைப் போல மூன்று கியர். ஓட்டப் பந்தயத்துக்காக அல்லாமல் கல்லிலும் மண்ணிலும் ஏறி இறங்குவதற்காகப் பிறந்த வண்டிகளில் அது ஒரு மூத்த உருப்படி. 1985இல் அதற்கு ஒரு தம்பி வந்தது. அந்தத் தம்பியை 2012இல் மறுபடியும் செய்து விற்றார்கள். சிறுவயதில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போன பையன்கள், தலை நரைத்த பிறகு வந்து வாங்கினார்கள் என்றால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஒரு சிறு கணக்கு சொல்லுகிறேன். பயப்பட வேண்டாம், எனக்கே விளங்கியதுதான். என் லாரி நிஜ லாரியில் 10இல் ஒரு பங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10இல் ஒரு பங்கு ஆனால் எடை 1,000இல் ஒரு பங்கு ஆகும். 2,000 கிலோ எடையுள்ள ஜீப்புக்கு 2 கிலோ மாதிரி. என் வண்டியை நிறுத்துப் பார்த்தேன். இரண்டே கால் கிலோ இருந்தது. ஆனால் பூமியின் இழுப்பு மட்டும் மாதிரிக்காகக் குறைந்து கொள்வதில்லை. நிஜ ஜீப் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ அரை விநாடிக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். என் லாரி அதில் 10இல் ஒரு பங்கான 10 சென்டிமீட்டர் விழ, விநாடியில் ஏழில் ஒரு பங்குதான். விழுவது கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் வேகமாக ஓட்டினால் அது பொம்மையாகத் தெரிகிறது. மெதுவாக, ஒவ்வொரு கல்லாகத் தொட்டு, சாய்ந்து, ஒரு கணம் நின்று, மறுபடி ஏறினால் பார்க்கிறவனுக்கு நிஜமாகவே பத்து டன் யோசனை செய்வதுபோல இருக்கும்.

அந்த மெதுவில்தான் இதன் இன்பமெல்லாம் இருக்கிறது. மோட்டார் நிமிஷத்துக்கு 15,000 சுற்றுச் சுற்றக்கூடியது. பற்சக்கரங்கள் அந்த வேகத்தையெல்லாம் விழுங்கி, மோட்டாரின் 40 சுற்றுக்குச் சக்கரத்துக்கு ஒரு சுற்று என்று கொடுக்கின்றன. வேகம் குறைந்த அளவுக்கு வலு கூடுகிறது. முழு விசையில் போனாலும் வேகமாக நடக்கிறவனோடுதான் வண்டி போகும். இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியிருப்பதால், ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது விடாமல் பிடித்து ஏறும். அதற்காகத் திருப்பங்களில் அகலமாகத்தான் சுற்றும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும் என்பதை இந்த வண்டியில் ஒவ்வோர் உறுப்பும் சொல்லிக் கொண்டேயிருக்கிறது. நான்தான் காது கொடுக்கவில்லை.

ஆறு மாதம் சந்தோஷமாக ஓட்டினேன். பிறகு, திருத்தும் வியாதி வந்தது.

இந்த வியாதி வராதவர்கள் இந்த விளையாட்டில் இல்லை. ஆரம்பத்தில் நல்ல காரியங்களாகத்தான் செய்தேன். பேட்டரியைப் பின்னாலிருந்து முன்னச்சின்மேல் கொண்டுவந்தேன். முன் சக்கரங்களுக்குள் பித்தளை வளையம் வைத்தேன். எடை முன்னாலும் தாழ்வாகவும் இருந்தால் செங்குத்தில் ஏறும்போது வண்டி மல்லாந்து விழாது. அதுவரை மூன்று முறை விழுந்த சரிவில் நிதானமாக ஏறியது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஒரு நாள் பையன் ஒருவன் தன் வண்டியோடு ஆற்றுக்கு வந்தான். என் வண்டி யோசித்துக்கொண்டு நின்ற பாறையை அவனுடையது ஒரே பாய்ச்சலில் தாண்டிற்று. "மூணு செல் போடுங்க சார்" என்றான். என் பேட்டரி இரண்டு செல், 7.4 வோல்ட். மூன்று செல் என்றால் 11.1 வோல்ட், வேகம் ஒன்றரைப் பங்கு. வாங்கிப் போட்டேன். இரண்டாம் நாள் மோட்டாரை ஒட்டிய பிளாஸ்டிக் பற்சக்கரத்தின் பற்கள் வழித்தெடுத்த மாதிரி போய்விட்டன. எஃகில் பற்சக்கரம் வாங்கிப் போட்டேன். அடுத்த வாரம், அங்கிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற பிளாஸ்டிக் தண்டு தீபாவளி முறுக்குப் போல முறுக்கிக்கொண்டது. எஃகில் தண்டு வாங்கிப் போட்டேன். இனி உடைவதற்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின் சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. பின்வாங்கி எடுத்திருக்க வேண்டும். நான் விசையை முழுக்க அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம். பின்னச்சின் உள்ளே, அடைத்து மூடிய கூட்டுக்குள், சாய்வுப் பற்சக்கரத்தின் இரண்டு பற்கள் போய்விட்டன.

கூட்டைத் திறக்கப் பார்த்தேன். ஒரு திருகாணியின் தலை மழுங்கிப் போய்விட்டது. இதற்குமேல் லேத் பட்டறைக்குத்தான் போகவேண்டும். கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கணபதிப் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு லேத். அப்படிப்பட்ட பட்டறைகளில் ஒன்று என் அண்ணாவுடையது.

அங்கே நான் காலடி வைத்து ஐந்து வருஷமாகியிருந்தது.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் தகப்பனார் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். சிங்காநல்லூரில் ஒரு சிறு வீடு வைத்துவிட்டு 2016இல் காலமானார். 2018இல் அண்ணா அந்த வீட்டை விற்று என் பங்கைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் எதிர்பார்த்ததில் பாதிதான் இருந்தது. "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எழுத்தாளனுக்கு நேரில் கேட்பதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறதே! 2019ஆம் வருஷத் தீபாவளி மலர் ஒன்றில் கதை எழுதினேன். கதையில் ஓர் அண்ணன், லேத் பட்டறை வைத்திருப்பவன், பணத்தாசை பிடித்தவன். வீடு விற்ற பணத்தை எண்ணிக்கொண்டே அவசரத்தில் லேத்தின் சக்கில் சாவியை எடுக்க மறந்து மெஷினை ஓட்டிவிடுகிறான். சாவி பறந்து வந்து அவன் கையை முறிக்கிறது. பணத்தை எண்ணிய அதே கை. வாசகர்கள் மிகவும் பாராட்டினார்கள்.

ஷிஸுஓகாக்காரர்கள் போர்ஷேயைப் பிரித்ததைப் போல நான் அண்ணாவைப் பிரித்துப் பரப்பினேன். அவர்கள் திரும்பப் பூட்டுவதற்காவது ஆள் கூப்பிட்டார்கள்.

அண்ணா ஒன்றும் சொல்லவில்லை. சண்டைக்கு வரவில்லை. பொங்கலுக்கு அண்ணி அனுப்பும் கரும்பு மட்டும் அந்த வருஷத்திலிருந்து வரவில்லை.

2021இல் பழைய காகிதங்களைப் புரட்டும்போது சங்கதி வெளிப்பட்டது. 2009இல் நான் ஒரு பத்திரிகை தொடங்கி, எட்டே மாதத்தில் மூடினேன். அதற்கு அப்பா கொடுத்த பணம் அவருடைய சேமிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் அது. ஒன்பது வருஷம் வட்டி கட்டி வந்தவர் அண்ணா. வீட்டை விற்றபோது அசலைத் தீர்த்துவிட்டு, மிச்சத்தைச் சரிபாதியாகப் பிரித்திருக்கிறார். என்னிடம் சொல்ல வேண்டாம் என்பது அப்பாவின் கட்டளையாம். இதை என் மனைவி சொன்னாள். அவளுக்கு அண்ணி மூலமாக முன்பே தெரிந்திருந்தது. "நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

தப்பு அவர்மேல் என்று நினைத்திருந்தவரையில் என்றைக்காவது ஒரு நாள் போயிருப்பேன். என்மேல் என்று தெரிந்த பிறகு போகவே முடியவில்லை. மனித சுபாவம் அப்படித்தான் போலிருக்கிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். மூன்று வருஷம் கடக்க முடியவில்லை. கடைசியில் பல் உடைந்த ஒரு பொம்மை லாரியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன்.

"வா" என்றார் அண்ணா, நேற்றுப் போனவனைப் பார்ப்பதுபோல. கையைப் பஞ்சில் துடைத்துக்கொண்டு துணியைப் பிரித்தார். வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் எங்கள் தகப்பனார் வந்து உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிஷத்தில் அந்த மழுங்கிய திருகாணியை எடுத்து அச்சைத் திறந்துவிட்டார்.

"மோட்டாரை மாத்துனயா?"

"பேட்டரியை, அண்ணா."

"இந்தப் பல்லு?"

"இரும்பு போட்டேன்."

"தண்டு?"

"அதுவும்."

அண்ணா சிரித்தார். "வெளியிலே இருக்கறதையெல்லாம் இரும்பாக்கி, கண்ணுக்குத் தெரியாத எடத்துல கொண்டுபோயி ஒடைச்சிருக்கே. தம்பி, கல்லு சிக்குனா ஏதாவது ஒண்ணு ஒடைஞ்சே தீரும். எது ஒடையணும்னு நீ முடிவு பண்ணலைன்னா, அதுவா முடிவு பண்ணிக்கும்."

"அப்போ என்ன பண்றது?"

"இந்தச் சாய்வுப் பல்லை வெட்ட எங்கிட்ட மெஷின் இல்லை. நீ வாங்கித்தான் போடணும். ஆனா மறுபடி ஒடையாம இருக்க ஒண்ணு பண்ணித் தரேன். டிராக்டருக்குப் பின்னாலே மண்ணைக் கிளர்றதுக்கு ரொட்டவேட்டர் கட்டறாங்கல்ல, அதுலே ஷியர் போல்ட்டுன்னு ஒண்ணு இருக்கும். வேர்லயோ கல்லுலயோ மாட்டுனா அது அறுந்துரும். வேற ஒண்ணும் ஆகாது. கெட்டியான போல்ட்டைப் போட்டானோ, கியர் பாக்ஸுக்கே சேதம் வரும்."

சொல்லிக்கொண்டே ஒரு டப்பாவைத் துழாவி இரண்டு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி ஒன்றை எடுத்தார். எஃகுத் தண்டை அச்சோடு பிணைப்பது குறுக்கே போகும் ஓர் எஃகு ஊசி. அதைத் தட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் பித்தளையில் ஊசி செய்யத் தொடங்கினார். லேத்தின் சக்கில் கம்பியைப் பிடித்து முடுக்கினார். முடுக்கிய கையோடு சாவியை உருவிச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். பிறகுதான் மெஷினை ஓட்டினார். எங்கே அறுபட வேண்டுமோ அங்கே மயிரிழை போல ஒரு பள்ளம் எடுத்தார். நிறுத்தினார், சாவியை எடுத்துத் தளர்த்தினார், மறுபடி ஆணியில் மாட்டினார். ஒவ்வோர் ஊசிக்கும் இப்படியே. நான் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் காதுகள் சூடேறின.

அண்ணா என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அந்தக் கதையிலே என்னைப் பணத்தாசை பிடிச்சவன்னு எழுதுனே. சரி, அது போகட்டும். சக்கிலே சாவியை விட்டவன்னு எழுதுனயே தம்பி! முப்பத்திரண்டு வருஷமா லேத்துல நிக்கறேன். ஒரு நாள் விட்டதில்லை. சாவி கையை விட்டா ஆணிக்குத்தான் போகணும்னு அப்பா சொல்லிக் குடுத்தது. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். சிறுவயதில் அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். கதைக்கு முடிவு வேண்டியிருந்ததால் மறந்துவிட்டேன்.

"தப்புத்தான் அண்ணா."

"அதைத் திருத்த முடியுமா?"

"புஸ்தகமா வரும்போது திருத்தலாம். மத்ததையும் திருத்தணும்."

"மத்தது உன் இஷ்டம். அது கதை. இது தொழில்."

சற்று நேரம் லேத்தின் சத்தம்தான் கேட்டது. "அந்தக் கடன் சமாசாரமெல்லாம் எனக்குத் தெரியும், அண்ணா" என்றேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். ஊசியை எடுத்து வெர்னியரில் அளந்து பார்த்துவிட்டு, "மணி ஒண்ணாகுது. அண்ணி சோறு வெச்சிருப்பா. சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

புறப்படும்போது ஒரு தீப்பெட்டியைக் கொடுத்தார். உள்ளே பத்துப் பித்தளை ஊசிகள். "தீர்ந்தா வா" என்றார்.

மூன்று வாரத்தில் வெளியூரிலிருந்து சாய்வுப் பற்சக்கரம் வந்து சேர்ந்தது. நானே பூட்டினேன், இந்தத் தடவை திருகாணி மிச்சமாகவில்லை. மூன்று செல் பேட்டரியை அலமாரியில் வைத்துவிட்டுப் பழைய இரண்டு செல்லையே போட்டேன். மறுநாள் காலை நொய்யலில் அதே இரண்டு கல்லுக்கு நடுவே வேண்டுமென்றே வண்டியைவிட்டேன். சக்கரம் சிக்கியது. விசையை அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மோட்டார் சும்மா சுற்றியது. வண்டி நின்றது. தூக்கிப் பார்த்தேன். அரிசிமணி அளவுக்கு மூன்று பித்தளைத் துண்டுகள். மற்ற ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நிமிஷத்தில் புது ஊசியைத் தட்டி ஏற்றினேன், வண்டி நடந்தது.

அந்தத் துண்டுகளை எறிய மனம் வரவில்லை. ஒரு குடும்பம் பெரிய சேதமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் எங்கேயோ ஒருவர் சத்தமில்லாமல் அறுபட்டுக் கொண்டிருக்கிறார். மற்ற ஒன்றும் உடையாததால் அவர் அறுபட்டது யாருக்கும் தெரிவதில்லை. அதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஊசி அறுந்தால் தீப்பெட்டியிலிருந்து இன்னொன்று எடுத்துப் போடலாம். அண்ணாவுக்குப் பதில் போட எங்கள் வீட்டில் வேறு யாரும் இருந்ததில்லை.

சென்ற மாதம் என் சிறுகதைத் தொகுதிக்கு அச்சுப்படிகள் வந்தன. அந்தக் கதையை எடுத்துத் திருத்தினேன். சாவியைச் சக்கிலிருந்து உருவி ஆணியில் மாட்டினேன். மாட்டியதும் கதையில் ஒருவர் கையும் முறியவில்லை. கை முறியாததால் தெய்வ தண்டனை இல்லை. தண்டனை இல்லாமல் பார்த்தால், கடன் தீர்த்துவிட்டுப் பணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிற ஒரு மனிதன்தான் பாக்கி நின்றான். அவனைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெரியவில்லை. கதையைத் தொகுதியிலிருந்து எடுத்துவிட்டேன். பதிப்பாளருக்கு வருத்தம். நல்ல கதையாம்.

அண்ணாவிடம் இதைப் போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் அதற்காகவே வந்தேன் என்று சொல்ல எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஒரு காரியம் வேண்டும். தீப்பெட்டியை எண்ணிப் பார்த்தேன். இன்னும் ஏழு ஊசிகள் இருக்கின்றன. என் பெண்ணிடம் அவற்றைக் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை காலை காலிப் பெட்டியோடு கணபதிக்குப் போகிறேன்.